நகரி வீட்டுத் தூண்கள்

என் மாமியாரை நினைத்தால், தேக்குத் தூண் ஒன்றில் காதை வைத்து, விரல் முட்டியால் தட்டிக்கொண்டு நிற்கும் கோலம்தான் முதலில் வருகிறது. உள்ளே கரையான் அரித்திருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பார். மாமனார் இறந்தபின் புத்தூரில் பழைய வீட்டுச் சாமான் கடையை அவரே நடத்திவந்தார். இடிக்கப்போகும் வீடுகளிலிருந்து கதவு, தூண், உத்தரம் எல்லாவற்றையும் சேதமில்லாமல் கழற்றி வந்து விற்பது தொழில். திருப்பதி மாடவீதி வீடுகளின் கதவுகள் எங்கள் கடைச் சுவரில் வரிசையாகச் சாய்ந்திருக்கும். கல்யாணமாகி நான் வந்த வாரமே, "வூட்ல குந்திக்கினு இன்னா பண்ணப் போற, வா" என்று என்னையும் வேலைக்குக் கூட்டிப் போனார்.

எல்லைத் தகராறு அப்போதுதான் தீர்ந்திருந்தது. திருத்தணி சென்னை மாநிலத்துக்குப் போயிற்று. நகரியும் புத்தூரும் ஆந்திராவில் நின்றுவிட்டன. நகரியில் ஒரு முற்றத்து வீட்டில் அண்ணன் தம்பி இருவர் சேர்ந்து குடியிருந்தார்கள். அண்ணன் தமிழ் வாத்தியார். திருத்தணிப் பக்கம் வேலை வாங்கிக்கொண்டு அங்கேயே வீடு கட்டத் தொடங்கினார். தம்பிக்கு நிலம்தான் எல்லாம், அவர் அசையவில்லை. பாகப் பிரிவினையில் பேச்சு முற்றிப்போய், முற்றத்தைத் தாங்கிய நான்கு தூண்களில் இரண்டு தன்னுடையவை, எடுத்துப் போவேன் என்று அண்ணன் பிடிவாதமாகச் சொல்லிவிட்டார். எங்களை அழைத்தவர் அவர்தான்.

நாங்கள் போனபோது தம்பி ஒரு தூணில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்திருந்தார். எழுந்திருக்கவில்லை. ஆட்கள் கயிறும் கடப்பாரையுமாக நின்றார்கள். அத்தை அவர் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"உங்க வூட்டுக் கூர விழாது நைனா. கீழ செங்கல்லு கட்டி நிறுத்திட்டுத்தான் தூண எடுப்பேன். விழுந்தா நானும் உள்ளதான் இருப்பேன்."

"கூர விழுந்தா கட்டிக்கலாம்மா. அவுரு போறாரே."

தம்பி எழும்வரை அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். அவராக எழுந்து கொல்லைப்பக்கம் போனபின்தான் வேலை தொடங்கியது.

செங்கல் தூண்கள் எழும்பிக் காய்ந்தபின், உத்தரத்துக்கு முட்டுக் கொடுத்து முதல் தூணை அசைத்தோம். இறக்கும்போது ஒரு கயிறு நழுவியது. தூண் ஒருபக்கமாகச் சாய, வாத்தியார் தோளைக் கொடுத்துவிட்டார். தம்பி எங்கிருந்து வந்தார் என்று தெரியாது. அண்ணனுக்குப் பக்கத்தில் அவர் தோளும் சேர்ந்திருந்தது. ஆட்கள் ஓடிவந்து பிடிப்பதற்குள் வாத்தியார் மூச்சிரைக்கச் சொன்னது எனக்குக் கேட்டது: "கை பத்திரம்டா."

தம்பி, தூண் தரையில் படிந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். இரண்டு தூண்களையும் ஏற்றிக்கொண்டு மாட்டு வண்டிகள் திருத்தணிக்குக் கிளம்பியபோதும் வரவில்லை. அன்று இரவு சாப்பிட உட்கார்ந்த அத்தை, "நம்ம தொயில்ல இது ஒண்ணு மட்டும் நான் செஞ்சிருக்கக் கூடாது" என்றார். செய்யாவிட்டால் வேறு யாராவது வந்து கூரையோடு சாய்த்திருப்பார்கள் என்றேன். அது அவருக்கும் தெரியும்.

அத்தை போய்ப் பல வருஷம் கழித்து, கடை என் கைக்கு வந்தபின், நகரித் தம்பியே என்னைத் தேடி வந்தார். தலை முழுக்க நரைத்திருந்தது. மகன் கான்கிரீட் வீடு கட்டப் போகிறான், மிச்சமிருந்த இரண்டு தூண்களையும் கழற்ற வேண்டும் என்றார். பெரிய ஓட்டல்காரர்கள் அப்படிப்பட்ட தூண்களுக்கு அலைந்துகொண்டிருந்த காலம். யாருக்குக் கொடுக்கலாம் என்று கேட்டேன்.

"திருத்தணிக்கு ஏத்தும்மா" என்றார்.

லாரியில் நானும் போனேன். நகரியிலிருந்து திருத்தணி எவ்வளவு பக்கம் என்று அன்றுதான் உறைத்தது. வாத்தியார் கோலூன்றி வாசலுக்கு வந்தார். தூண்களைப் பார்த்தார்; உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆனால் அவற்றைத் தொடவில்லை. லாரியையே சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"அவன் வரலியா?"

டிரைவருக்குப் பக்கத்தில் இறங்காமலே தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்த தம்பி, அதன்பிறகுதான் கதவைத் திறந்தார்.