மூன்று காப்பும் ஒரே தண்ணீரும்

விண்வெளி நிலையத்துக்குச் சரக்கு ஏற்றிப்போகும் தனியார் கலங்களைச் சோதித்து, ‘போகலாம்’ என்று சொல்லும் பாதுகாப்புக் குழு ஒன்று ஹூஸ்டனில் இருக்கிறது. ஆல்வின் குபேனா அதில் மிகப் பழைய ஆள். டெக்சாஸில் எங்கள் லவாக்கா மாவட்டத்துப் பருத்திக்காட்டுக் குடும்பம்தான் அவருடையதும். எங்கள் வீட்டின் முதல் பட்டதாரியான நான் அந்தக் குழுவில் சேர்ந்து அவருக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்ததை அம்மாவுக்குப் போன் போட்டுப் பெருமையாகச் சொன்னேன்.

குழுவின் விதி எளியது. ஆள் சாகக்கூடிய ஆபத்து என்றால், இரண்டு காப்பு ஏற்பாடுகள் கெட்டாலும் மூன்றாவது ஒன்று நிற்க வேண்டும். ஆல்வின் எவரையும் விடமாட்டார்.

“சரி, அதுவும் கெட்டுப்போச்சு. அப்புறம்?”

கூட்டத்துக்கு அவர் கொலாச்சி என்னும் இனிப்பு ரொட்டி ஒரு பெட்டி வாங்கி வருவார். குழுத் தலைவி மார்லா சீண்டுவாள்: “பெட்டி ஒண்ணுதான இருக்கு. கீழ விழுந்துட்டா?”

“கார்ல இன்னொண்ணு இருக்கு.”

“காரே காணாமப் போனா?”

“கடைக்காரி என் அத்த பொண்ணு.”

வீட்டிலும் அப்படித்தான். அவர் மனைவி பெர்னிஸுக்கு நுரையீரல் கெட்டு, எந்நேரமும் மூக்கில் ஆக்சிஜன் குழாய். மின்சாரத்தில் ஓடும் இயந்திரம். மின்சாரம் நின்றால் ஜெனரேட்டர். அதுவும் ஓடாவிட்டால் சிலிண்டர்கள். “நான் உன் பொண்டாட்டியா, இல்ல ராக்கெட்டா?” என்று பெர்னிஸ் கேட்பாளாம்.

அந்த ஆகஸ்ட் புயலில் பக்கத்து ஓடை கரையை உடைத்து வீட்டுக்குள் புகுந்தது. மின்சாரம் போயிற்று. ஜெனரேட்டர் கார் நிறுத்தும் கராஜில் மூழ்கிக் கிடந்தது. சிலிண்டர்களும் அங்கேதான். கராஜுக்குள் மிதந்த பெரிய ஐஸ் பெட்டி, வீட்டிலிருந்து அங்கே போகும் கதவை அந்தப் பக்கமிருந்து அடைத்துவிட்டது. மார்பளவுத் தண்ணீரில் நின்று அந்தக் கதவை அவர் இடித்துக்கொண்டே இருந்திருக்கிறார். மீட்புப் படகு வந்து சேர்ந்தபோது பெர்னிஸ் போய்விட்டிருந்தாள்.

துக்கம் முடிந்து அவர் திரும்பிய முதல் கூட்டத்தில் ஒரு சரக்குக் கலத்துக்கு ஒப்புதல் கேட்டு வந்திருந்தார்கள். நிறுவனத்தின் சார்பில் கெண்ட்ரா என்ற பெண் விளக்கினாள். நிலையத்தை நெருங்கும்போது ஏதும் கோளாறானால், மோதாமல் பின்வாங்கச் சொல்லும் கணினிகள் மூன்று.

ஆல்வின் கேட்டார்: “மூணும் எங்க இருக்கு?”

“சூட்ட இழுத்துக்கற ஒரே குளிர்த்தகட்டு மேல சார்.”

“அந்தத் தகடு வேல செய்யலன்னா?”

“மூணும் சூடாகி நின்னுடும். ஆனா தகடு கெட்டதே இல்ல சார். இதே அமைப்புல ரெண்டு தடவ போய்ட்டு வந்தாச்சு. ரெண்டு தடவையும் நீங்களும் சரின்னுதான் சொன்னீங்க.”

“சொன்னேன். என் கராஜும் ரெண்டு புயலத் தாங்குச்சு.”

மார்லா இடைவேளை விட்டாள். காபி இயந்திரத்தின் பக்கத்தில் தாழ்ந்த குரலில் கேட்டாள்: “ஆல்வின், நீ பேசறது கலத்தப் பத்தியா, பெர்னிஸப் பத்தியா?”

“தெரியல மார்லா. ஆனா தகடு ஒண்ணுதான்.”

“கணினிகளத் தனித்தனியாப் பிரிச்சு வைக்க ஒரு வருஷம் ஆகும். மேல நிலையத்துல இருக்கற ஆறு பேருக்குச் சாப்பாடு கொறஞ்சுக்கிட்டே வருது. அதுவும் ஆபத்துதான?”

“ஆபத்துதான். இல்லன்னு சொல்லல.”

திரும்பி வந்ததும் மார்லா ஒவ்வொருவரிடமும் முடிவு கேட்டாள். ஆல்வின் ஒருவர்தான் எதிர்த்தார். மற்ற எல்லாரும், நான் உட்பட, சம்மதம் சொன்னோம். பசி கண்ணுக்குத் தெரிந்த ஆபத்து. தகடு இதுவரை கெடாத தகடு. எதிர்ப்பு மேலிடத்துக்குப் போனது. அவர்கள் படித்துப் பார்த்துவிட்டுக் கலத்தை அனுப்பினார்கள்.

கலம் நிலையத்தைச் சேர்ந்த அன்று பெரிய திரையில் எல்லோரும் பார்த்தோம். நிலையத்தின் இயந்திரக் கை அதை மெல்லப் பிடித்ததும் அறை முழுக்கக் கைதட்டல். ஆல்வினும் தட்டினார். கடைசி வரிசையில் கெண்ட்ரா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

மார்லா ஆல்வின் தோளைத் தொட்டாள். “பாத்தியா? பத்திரமாப் போயிருச்சு. இனியாவது நிம்மதியா இரு.”

“போனது சந்தோஷம்,” என்றார். திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “தகடு கெடல. அவ்வளவுதான்.”

“வீட்டுக்குப் போய்த் தூங்கு ஆல்வின்.”

“அடுத்த கலத்துக்கும் என் எதிர்ப்பு இருக்குன்னு போட்டுக்க. போறேன்.”