என் ஆய்வேட்டுக்காகக் கர்த்தர் நிறுத்தின பஸ்

கர்த்தருக்குள் அன்பான எல்லாருக்கும் முன்னால் கிரேசாகிய நான் நிற்கிறேன். சந்தோஷமான சாட்சிதான். ஆனாலும் அந்த வருஷங்களை நினைத்தால் இப்பவும் உடம்பு தளர்ந்துபோகும்.

எல்லைப் போராட்டம் கொதித்துக் கிடந்த காலம். தமிழ்நாட்டோடு சேரணும் என்று ஒரு கூட்டம். இங்கேயே, மலையாளத்துக்காரரோடேயே இருக்கணும் என்று ஒரு கூட்டம். நான் கல்யாணமாகிப் பாறசாலைக்குப் பக்கத்து ஊரான கொல்லயிலுக்கு வந்து, பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்துகொண்டே திருவனந்தபுரத்தில் ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்தேன். பாறசாலையிலிருந்து நெய்யாற்றின்கரை வரை வீடுகளில் புழங்குகிற பேச்சைப் பற்றித்தான் ஆய்வு. என் கைடு சங்கரன் சார் மலையாளி. நல்ல மனுஷன், ஆனால் கண்டிப்பு. கேட்கிற ஒவ்வொரு சொல்லையும் இது தமிழ், இது மலையாளம் என்று பிரித்தே ஆகணும் என்று திட்டம் போட்டுத் தந்திருந்தார்.

அந்தத் திட்டம்தான் என்னை வாட்டியது. எந்த வீட்டில் என்ன பாஷை என்று நான் எழுதிச் சர்க்காருக்குக் கொடுக்கிறேன் என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அதோடு கதவுகள் அடைபட்டன. தமிழ் வீடுகளில் என்னை மலையாளி சாருக்கு ஆள் என்றார்கள். மலையாள வீடுகளில் தமிழ்க் கட்சிக்கு ஆள் என்றார்கள். தினமும் என்னோடு கிணற்றில் வெள்ளம் கோருகிற அடுத்த வீட்டுத் தங்கம்மை அக்காவே ஒருநாள் முகத்துக்கு நேரே சொன்னாள்.

"மக்கா, இனி எனக்க வீட்டுக்கு வராண்டாம். எனக்க பயலுவள போலீசு பிடிச்சா நீ பதில் செல்லுவியா?"

"அக்கா, நான் வார்த்தையாக்கும் கேக்கியது. கட்சி இல்ல."

"வார்த்தைக்குத்தானே இப்ப அடி நடக்குது."

நான் நோட்டை மடக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினேன்.

பள்ளிக்கூடம் போகிற வழியில் கோயிலில் ஏறி முழங்காலிடுவேன். ஆண்டவரே, போராட்டத்தை அமர்த்தும். பஸ்ஸை ஓடவையும். ஆளுகளின் வாயைத் திறவும். மாசக்கணக்காக இதே ஜெபம். ஒன்றும் நடக்கவில்லை. சாரைப் பார்க்கப் புறப்பட்டால் வழியில் ஊர்வலம், மறியல். திரும்பி நடந்து வருவேன். கடைசியில் ஜெபிக்கவும் வார்த்தை இல்லாமல் போயிற்று. பெஞ்சில் வெறுமனே இருந்துவிட்டு எழும்பிப் போவேன். ஆய்வேட்டை விட்டுவிடுகிறேன் என்று சாருக்குத் தபால் போட்டேன்.

தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை. உச்சி வெயில். வெளியே தங்கம்மை அக்காவின் கூப்பாடு கேட்டது. "கிரேசே, ஓடி வா! ஒனக்க பேரைச் செல்லி ஒரு ஆளு இஞ்ச விழுந்து கெடக்காரு!"

ஓடிப்போய்ப் பார்த்தால், அவள் முற்றத்தில் சங்கரன் சார். நாகர்கோவிலுக்குக் கல்யாணத்துக்குப் போய்த் திரும்புகிற வழியாம். பாறசாலையில் மறியல். பஸ் நின்றுவிட்டது. என் தபால் நினைவு வந்து, என் வீட்டை விசாரித்து நடந்தே வந்திருக்கிறார். வெயில் தாங்காமல் தலை சுற்றி விழுந்துவிட்டார்.

தங்கம்மை அக்கா தாங்கிப் பிடித்து உட்காரவைத்தாள். உப்புப் போட்ட கஞ்சித்தெளியை நீட்டினாள்.

"பைய குடியும் சாரே. இது குடிச்சா ஷீணம் மாறும்."

சார் குடித்தார். தெளிந்ததும் அவளை ஏறிட்டுப் பார்த்தார். "இப்போ பேசினது தமிழா, மலையாளமா?"

"ஒமக்கு ஷீணம் மாறினதா, இல்லியா?"

சார் சிரித்தார். கூடி நின்ற எல்லாரும் சிரித்தார்கள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு நானும் சிரித்தேன்.

சாயங்காலம்வரை பஸ் ஓடவில்லை. அதுவரை அவர் அந்த முற்றத்திலேயே இருந்தார். தமிழ் வீட்டிலிருந்தும் மலையாள வீட்டிலிருந்தும் ஆட்கள் வந்து வர்த்தமானம் பேசினார்கள். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார். புறப்படும்போது என்னிடம் சொன்னார், "கிரேசே, தெற்று என் திட்டத்தில்தான், உன் பேரில் ஒரு தப்பும் இல்லை. பாஷை பிரிக்க வேண்டாம். யார், யாரிடம், எந்த நேரத்தில் இப்படிப் பேசுகிறார்கள்? அதை எழுது. மதி, அது போதும்."

தங்கம்மை அக்கா இடையில் புகுந்தாள். "அப்ப எந்த வீட்டில என்ன பாஷைன்னு எழுதாண்டாமா?"

"வேண்டாம்."

"அப்பம் நாளைக்கு வா மக்கா."

போராட்டம் அமர வேண்டும், பஸ் ஓட வேண்டும் என்றல்லவா நான் கேட்டேன்? அந்தப் பஸ்ஸை நிறுத்தித்தான் கர்த்தர் எனக்குப் பதில் தந்தார்.

எல்லாக் கதவும் திறக்கவில்லை. சிலர் கடைசிவரை முகம் கொடுக்கவில்லை. பள்ளிக்கூடத்து வேலையும் வீட்டு வேலையும் முடித்து, தளர்ந்து தளர்ந்துதான் எழுதினேன். எல்லை போட்டார்கள். எங்கள் ஊர் கேரளத்தில் நின்றது. அழுதவர்களும் உண்டு, வெடி போட்டுக் கொண்டாடினவர்களும் உண்டு. அதன் பிறகுதான் என் ஆய்வேடு பாஸானது. கர்த்தருக்கே ஸ்தோத்திரம்.

அன்று முதல் கர்த்தருக்குத் திட்டம் போட்டுக் கொடுக்கிறதை விட்டேன். தேவையைச் சொல்வேன். வழியைச் சொல்ல மாட்டேன். இங்கே இருக்கிறவர்களில், கேட்டுக் கேட்டு அலுத்துப்போனவர்கள் உண்டென்று எனக்குத் தெரியும். ஜெபிக்கத் தெம்பில்லையானால் ஜெபிக்க வேண்டாம். அவர் சமுகத்தில் போய் இருங்கள். நீங்கள் பேசாமல் இருந்தாலும் அவருக்குக் கேட்கும்.