ஸெய்னுலாப்தீன் சேர் பெற்றோல் குழாய் கழற்றிய வியாழக்கிழமை

ஸெய்னுலாப்தீன் சேரைத் தெரியாதவர்கள் மடவளையில் குறைவு. முப்பத்தொரு வருடம் கணக்குப் படிப்பித்தவர். பென்ஷன் எடுத்த பிறகும் விரலுக்குள் சோக்குக்கட்டி இருப்பதுபோல் கையை மடித்துக்கொண்டுதான் பேசுவார். என் தங்கச்சி உம்மு குல்சுமைக் கட்டியதால் எனக்கு மச்சான். நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு ஸலாம் சொல்லிவிட்டு, பதினோரு வயதில் கிரீஸில் கை வைத்து, கட்டுகஸ்தோட்டையில் சொந்தக் கராஜ் போட்டவன். இந்தப் பக்கத்தில் என் கை படாத வாகனம் ஓடினால் அது சைக்கிளாகத்தான் இருக்கும். அந்தக் கையை நம்பாத ஒரே மனிதர் மச்சான்.

அவர் எதையும் படித்துத்தான் செய்வார். நீந்துவதையும் புத்தகத்தில் படித்து முடித்தார். இன்றுவரை மகாவலி ஆற்றில் இறங்கவில்லை. கலியாணமான புதிதில் கோழி அறுப்பதற்குக் குறிப்பு எழுதினாராம். அவர் இரண்டாவது வரிக்கு வருமுன் கோழி அடுத்த வீட்டுக்குப் போய்விட்டதாகத் தங்கச்சி சொல்வாள்.

போன வருடம் தங்கச்சியும் மகள் பர்ஹானாவும் உம்ரா செய்ய மக்காவுக்குக் கிளம்ப இருந்தார்கள். வெள்ளிக்கிழமை விடிய, தானே கார் ஓட்டிக் கட்டுநாயக்கா விமான நிலையத்தில் விடுவதாக மச்சான் பள்ளிவாசல் முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். புதன்கிழமை பார்த்தால் காருக்குள் பெற்றோல் மணம். எஞ்சினுக்குப் போகும் ரப்பர் குழாயை எலி கடித்திருந்தது.

"மணம் ஈந்தா நான் ஏறமாட்டேன். வேன் புடிச்சுப் போவன்" என்று தங்கச்சி முடிவாகச் சொன்னாள். வாசலில் வாடகை வேன் வந்து நின்றால் மச்சான் அப்புறம் பள்ளிவாசலில் எந்த மூஞ்சியோடு நிற்பது?

"கராஜுக்குக் கொண்டு வாங்க மச்சான். அரை மணித்தியால வேல" என்றேன்.

"நீங்க சும்மா இரிங்க. நான் ரெண்டு வீடியோ பாத்து, கொப்பியில ஒம்பது படி எழுதி வெச்சீக்கன்."

வியாழன் பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்திரி போட்ட சட்டையோடு பொனட்டுக்குள் குனிந்திருந்தார். பெட்டரி வயர் கழன்று கிடந்தது.

"முதல்ல பெட்டரியையா கழட்டினீங்க?"

"பாதுகாப்புத்தான் முதலாம் படி."

"மச்சான், பம்புட ஃபியூஸைப் புடுங்கிட்டு எஞ்சினை ஓட விடணும். குழாய்ல ஈக்கிற பெற்றோல் எரிஞ்சு, எஞ்சின் அதுவா நிக்கும். அழுத்தம் எறங்கினப் பொறகுதான் பெட்டரி. இப்ப எஞ்சின் எப்படி ஓடும்?"

"கார் நேத்திலிருந்து ஓடல்ல. அழுத்தம் எங்கால வாரது?"

"புதுசா வராது. உள்ளதான் அடைபட்டு ஈக்குது. டாங்கி மூடியாவது தொறந்தீங்களா? ஒரு துணியாவது சுத்தினீங்களா?"

"அது ஏழாம் படி" என்றபடியே குழாயின் கிளிப்பை இழுத்தார்.

பெற்றோல் சீறியது. பாதி அவருடைய மூக்குக்கண்ணாடியில், மீதி சட்டையிலும் நிலத்திலும்.

வியாழன் பின்னேரம் என்றால் எங்கள் வீடுகளில் சாம்பிராணி போடுவோம். மறுநாள் பயணம் என்பதால் தங்கச்சி அன்று தணலை இரட்டிப்பாக அள்ளியிருந்தாள். அறைகளுக்கெல்லாம் காட்டிவிட்டு, பயணம் போகும் காருக்கும் புகை காட்டச் சட்டியோடு சமையலறைக் கதவால் வெளியே வந்தாள். நான் காருக்கும் அவளுக்கும் நடுவில் போய் நின்றேன்.

"உம்மு குல்சும், இன்னொரு அடி வெக்காத" என்றேன் மெதுவாக.

நான் மெதுவாகப் பேசினால் விஷயம் பெரிது என்று அவளுக்குத் தெரியும். நனைந்து நிற்கும் புருஷனைப் பார்த்தாள். மூக்கை இழுத்தாள். அப்படியே திரும்பி, வீட்டுக்குள்ளால் நடந்து, முன்வாசலைத் தாண்டி ரோட்டோரக் கானில் ஓடிய தண்ணீருக்குள் சட்டியோடு கவிழ்த்தாள். திரும்பி வந்து இடுப்பில் கை வைத்தாள்.

"ஒங்கட ஒம்பது படில நான் எத்தனையாம் படி?"

மச்சான் உண்மையாகவே கொப்பியைப் புரட்டினார்.

அவரைக் குளிக்க அனுப்பிவிட்டு, நிலத்தில் மண் கொட்டி அள்ளினேன். காற்றாட விட்டோம். குழாய்தான் காலியாகிவிட்டதே, புதியதை அவரே மாட்டட்டும் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். நன்றாகவே மாட்டினார். மணம் முழுக்கப் போன பிறகுதான் பெட்டரியைத் தொட விட்டேன். குழாயில் மறுபடி அழுத்தம் ஏற, எஞ்சினை எழுப்பாமல் சாவியை மட்டும் மூன்று தரம் போட்டு நிறுத்தினார். ஒரு சொட்டும் கசியவில்லை.

விடியற்காலை தங்கச்சி ஹபாயா அங்கியோடு வந்து, பொனட்டைச் சுற்றி மோந்து பார்த்தாள். பின்கதவுக்குள் தலையை விட்டும் மோந்தாள்.

"சரி, ஏறுறன். ஆனா நானாவும் வரணும்" என்று அண்ணனான என்னைக் காட்டினாள்.

பின்சீட்டில் பர்ஹானாவின் பக்கத்தில், என் கராஜின் தீயணைக்கும் சிலிண்டரை மடியில் வைத்துக்கொண்டு நான் போனேன். மச்சான்தான் ஓட்டினார். கடுகண்ணாவ மலை இறக்கம் தொடங்கும் இடத்தில் வேகத்தைக் குறைத்து, காரின் பின்பார்வைக் கண்ணாடி வழியாக என்னைப் பார்த்தார்.

"மச்சான், இதுல எறங்க எந்தக் கியர் நல்லம்?"

"ரெண்டு" என்றேன்.

போட்டார்.