இன்னொரு இராயப்பர் கோயில்

அந்த வருடம் ஊருக்குப் போக வேண்டிய லீவை அம்மா ரோமுக்குத் திருப்பிவிட்டாள். தோஹாவில் அவள் நர்ஸ், அப்பா ஏசி மெக்கானிக். அங்கே நஜ்மா பகுதியின் சந்துகளில் கண்ணை மூடிக்கொண்டு பிக்கப் வண்டி ஓட்டுகிறவர் என்பதால், இத்தாலியிலும் யாரிடமும் வழி கேட்பதில்லை என்று அப்பா விமானத்திலேயே முடிவுசெய்திருந்தார். எனக்கு அப்போது ஒன்பது வயது.

போப்பாண்டவர் பேதுரு கோயில் சதுக்கத்தில் மக்களைச் சந்திக்கும் புதன்கிழமை. காலையிலேயே பஸ் ஏறினோம். கண்டக்டர் இல்லை. அப்பா நோட்டை நீட்ட, டிரைவர் தலையை ஆட்டிவிட்டு எதிரே இருந்த சிகரெட் கடையைக் காட்டினார்.

"பாய், மாஃபி சிகரெட். டிக்கெட், டிக்கெட்" என்று, சிகரெட் வேண்டாம் என்பதை வளைகுடா பாஷையிலேயே அப்பா விளக்கினார். பஸ் எங்களை இறக்கிவிட்டுப் போய்விட்டது. அந்த ஊரில் பஸ் டிக்கெட்டே சிகரெட் கடையில்தான் விற்கும் என்று தெரிவதற்குள் வெயில் ஏறிவிட்டது.

வாங்கிய டிக்கெட்டை அப்பா கசங்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு அடுத்த பஸ்ஸில் ஏறினார். அதுவும் தப்பாம். ஏறியதும் பின்வாசல் இயந்திரத்தில் செருகி முத்திரை குத்தியிருக்க வேண்டும். பரிசோதகர் கத்திய கத்தலில் அபராதம் கட்டிவிட்டுப் பாதி வழியில் இறங்கினோம்.

"யாருகிட்டயாவது கேட்டிருக்கலாம்லா?" என்றாள் அம்மா. "பிள்ளைக்குக் கால் நோவுது."

"நீ சும்மா இரி. டாக்சி பிடிக்கேன்."

பேதுருவை எங்கள் ஊர்க் கடற்கரையில் இராயப்பர் என்போம். அந்த ஊரில் சான் பியெத்ரோ. அதைச் சொன்னதும் டாக்சிக்காரர் ஏதோ திருப்பிக் கேட்டார். அப்பா எல்லாவற்றுக்கும் "யெஸ், யெஸ், யல்லா" என்று வண்டியைக் கிளப்பச் சொன்னார். வண்டி ஒரு மேட்டில் ஏறி, சின்னக் கோயில் ஒன்றின் முன்னால் எங்களை விட்டுவிட்டுப் போயிற்று. பெரிய சதுக்கமும் இல்லை, போப்பும் இல்லை. ரோமில் இராயப்பருக்கு வேறு கோயிலும் இருந்தது.

எனக்கு அழுகையே வந்துவிட்டது. உள்ளே பீடத்தின் அடியில் கண்ணாடிப் பெட்டிக்குள் துருப்பிடித்த சங்கிலி கிடந்தது. இராயப்பரைச் சிறையில் கட்டிவைத்த சங்கிலி அது என்று அங்கிருந்த மலையாளக் கன்னியாஸ்திரீ சொன்னார். அம்மா அப்படியே முழந்தாளிட்டாள்.

"எழும்பு. இப்ப போனாலும் போப்பைப் பாத்திரலாம்" என்றார் அப்பா.

"நீங்க பிள்ளையக் கூட்டிட்டுப் போங்க. நான் இங்க இருக்கேன்."

அப்பா சங்கிலியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். பிறகு அவரும் பக்கத்தில் முழந்தாளிட்டார். நான் அப்பாவின் சட்டையைப் பிடித்து இழுத்தும் இருவரும் அசையவில்லை. மத்தியானம்வரை அங்கேதான் இருந்தோம்.

சவூதியில் யான்புவில் தண்ணீர் லாரி ஓட்டிய என் மாமா, வண்டியில் ஓர் ஆள் அடிபட்டுச் செத்ததால் அப்போது ஜெயிலில் இருந்தார். மாமாவுக்கு லீவு கிடைக்கவில்லை என்றுதான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். அடுத்த ரம்ஜான் பெருநாளுக்கு அந்த நாட்டு மன்னர் கொடுத்த மன்னிப்பில் வெளியே வந்தார் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்தது.

அதுவரை, அப்பாவின் பிடிவாதத்தால்தான் போப்பைப் பார்க்காமல் திரும்பினோம் என்று வீட்டுக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தேன். அப்பா ஒருமுறைகூட மறுத்துப் பேசவில்லை.