அப்பவும் வேணுமா?

ஈஜிபுரா பகுதியில் துணிகளுக்கு இஸ்திரி போடுபவர் என்பது மட்டும்தான் அந்த அம்மாவைப் பற்றி எனக்குத் தெரியும். கால்நடை மருத்துவமனை வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். முழங்கை வரை சூட்டுத் தழும்புகள். காலடியில், வாய்மூடி மாட்டிய பெண் ராட்வைலர் நாய். யார் கடந்து போனாலும் அந்த அம்மா எழுந்து, நாய்க்கும் அவர்களுக்கும் நடுவில் நின்றுகொண்டு, "ஓரமா போங்க" என்பார்.

இந்த ரக நாய்கள் ஆபத்தானவை, விற்கக் கூடாது, குட்டி எடுக்கக் கூடாது, ஏற்கெனவே வைத்திருப்பவர்கள் கருத்தடை செய்துவிட வேண்டும் என்று அரசு அறிவித்த சமயம் அது. அடுக்குமாடி வீட்டுக்காரர் ஒருவர், "ரெண்டு நாள் பாத்துக்கங்க" என்று இதை அந்த அம்மாவிடம் விட்டுவிட்டு, வீட்டையே காலி செய்துகொண்டு போய்விட்டாராம்.

அந்த அம்மாவின் போன் அடித்தது. ஒசூர்ப் பக்கத்துப் பண்ணைக்காரர் ஒருவர் நாயைத் தனக்குத் தரச்சொல்லிக் கெஞ்சுவது எனக்கே கேட்டது.

"இன்னைக்கு ஆபரேஷன் சார். இனிமே குட்டி போடாது. அப்பவும் வேணுமா?"

எதிர்முனையில் போனை வைத்துவிட்டார்கள்.

"எல்லாரும் இந்த எடத்துலதான் வெச்சிடுறாங்க," என்றார்.

"இப்படியெல்லாம் சட்டம் போடுறது அநியாயம் இல்லையாம்மா?"

"குட்டி வேணாம்னு சொல்றது சரிதான் சார். கடிச்சா யாரு பதில் சொல்றது? அதுக்காக இருக்கறத ரோட்டுல விட முடியுமா?"

"அப்பவும் வேணும்னு ஒருத்தர் சொன்னா குடுத்துடுவீங்களா?"

"நீங்க சொல்றீங்களா?"

நான் மடியிலிருந்த பூனைக்கூடையைச் சரிசெய்தேன். டாக்டர் அறையிலிருந்து அந்த அம்மாவைக் கூப்பிட்டார்கள். என் பதிலுக்கு நிற்காமல், நாயின் வாரைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார். நாய் மட்டும் ஒருமுறை என்னைத் திரும்பிப் பார்த்தது.