காற்றில் திரும்பாத படகு

தெலுக் பஹாங் கடற்கரையில் சுற்றுலாப் பயணிகளை ஏற்றிச் செல்லும் பெரிய மிதவைப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டு நீண்ட மிதவைகள், மேலே தட்டையான தளம், பின்னால் ஒரே இஞ்சின். காற்றடித்தால் நாம் நினைத்த பக்கம் திரும்பாது.

"அண்ணே, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு இஞ்சின் போடுங்க. மெதுவா போனாலும் திரும்பும் லா," என்று மெக்கானிக் செல்வம் பலமுறை சொன்னார். நான் கேட்கவில்லை. பார்க்க எடுப்பாக இருக்கட்டும் என்று உயரமான கூரைதான் போட்டேன். காற்று அதையும் சேர்த்துத் தள்ளியது.

ஒரு மாலை படகுத்துறையை நெருங்கி வேகத்தைக் குறைத்தேன். பக்கக் காற்று படகைத் தூணை நோக்கித் தள்ளியது. ஸ்டீயரிங்கை முழுவதும் ஒடித்தும் பயனில்லை. படகில் டிக்கெட் பார்க்கும் என் மனைவி கலா ஓடிப்போய்த் தூணில் கையை ஊன்றித் தள்ளினாள். தூணுக்கும் படகுக்கும் நடுவே கை சிக்கி நசுங்கியது.

மருத்துவமனையில் மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

"யாரு உன்னைக் கை வைக்கச் சொன்னது?" என்று கத்தினேன்.

"நீங்கதானே எப்பவும் 'தள்ளு கலா, தள்ளு'ன்னு சொல்வீங்க," என்றாள்.

இப்போது இரண்டு இஞ்சின்கள் பொருத்திவிட்டேன். படகு நின்ற இடத்திலேயே திரும்புகிறது. காற்றுக்கு எதிர்முகமாகத்தான் கரை சேர்க்கிறேன். யாரையும் கை நீட்ட விடுவதில்லை. கலா படகில் ஏறுவதில்லை. கூப்பிட எனக்கும் நா எழவில்லை.