ஒற்றைத் தும்மல்

அமிர்தகழியில் ஒரு காலத்தில் இலட்சுமிப்பிள்ளையின் குரவை இல்லாமல் தாலி ஏறியதில்லை, பிள்ளைக்குப் பெயர் விழுந்ததில்லை. அவள் நாக்கைச் சுழற்றி ஒரு குரவை விட்டால், வாவியின் அக்கரையில் வலை இழுக்கிறவனும் ஆர் வீட்டிலோ நல்ல காரியம் என்று தலையைத் திருப்புவான். மற்றப்படி பெரிய கெட்டித்தனம் ஒன்றும் கிடையாது. கறியில் உப்புக் கூடும், வாய் அதைவிடக் கூடும். இறால் விற்கப் போனால் இறாலுக்கு முன் ஊர்க்கதை விற்றுத் தீர்ந்துவிடும்.

கடல் வந்து நாவலடியில் இருந்த அக்காவைக் கொண்டுபோன நாளோடு அந்த நாக்கு மடங்கிவிட்டது. அக்காவின் மகள் யசோதினியைக் கூட்டிவந்து வளர்த்தாள், கட்டியும் கொடுத்தாள். அந்தக் கலியாணத்தில்கூட வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

சண்டை முடிந்த வருசத்து ஐப்பசி மழையில் யசோதினிக்கு மாதம் நிறையாமல் ஒரு பெண் பிறந்தது. அணில்பிள்ளை அளவு உடம்பு, அதில் அப்படியே அக்காவின் மூக்கு. முப்பத்தோராம் நாள் பிள்ளைத்தீட்டு நீங்கும் துடக்குக் கழிவுக்குத் தானே குரவை போடப்போவதாக இலட்சுமிப்பிள்ளை சொன்னாள். வீட்டில் சொன்னால் போதாதா? ஊரெல்லாம் சொல்லிவைத்தாள்.

அதற்கு இரண்டு நாள் இருக்கையில் தடிமன் பிடித்தது. கொத்தமல்லி அவித்துக் குடித்தாள், நொச்சி இலை போட்டு வேது பிடித்தாள். மூக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. வீட்டாரிடம் அதை மறைக்கப் பார்த்தது முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதைதான்.

பிள்ளையை நிறுக்கக் காத்தான்குடியிலிருந்து மருத்துவமாது சஹ்லா வந்த நேரம், முற்றத்தில் இலட்சுமிப்பிள்ளைக்கு ஒரு தும்மல் வந்தது. ஒன்றே ஒன்று. நல்ல காரியத்துக்கு முன் ஒற்றைத் தும்மலா! உடனே சேலைத் தலைப்பைத் திரித்து மூக்குக்குள் விட்டுக் குடையத் தொடங்கினாள்.

"என்ன செய்றீங்க?" என்றாள் சஹ்லா.

"ஒத்தத் தும்மல் ஆகாது மிஸ். ரெட்டையாக்கிட்டா நல்ல சகுனம்."

"ஒண்டே இந்தப் புள்ளைக்குக் கூடிப்போச்சு. நீங்க ரெண்டாக்கப் பாக்கிறீங்க!"

"மழையில நனைஞ்ச தடிமன்தானே?"

"தடிமன மழை தாறல்ல. இது வைரஸ், ஆளுக்கு ஆள் தொத்துறது. உங்களுக்கு மூக்கு ஓடும், அவ்வளவுதான். மாசம் நிறையாத புள்ளைட நெஞ்சுக்குள்ள இறங்கினா மூச்சு இழுக்கும், பால் குடிக்காது, ஆஸ்பத்திரியில ஒட்சிசன் வைக்க வேண்டி வரும். தும்மல்ல வரும், எச்சில்ல வரும், மூக்குத் துடைச்ச கையில வரும். மாறும் மட்டும் கிட்டப் போகப்படா, கொஞ்சப்படா. மத்த ஆக்களும் சவுக்காரம் போட்டுக் கை கழுவித்தான் தூக்கணும்."

"கொஞ்சல்ல மிஸ். வாசல்ல நிண்டு குரவை மட்டும்."

"எங்கட ஊர்லயும்தான் குரவை போடுற. எச்சில் பறக்கிறத நான் காணல்லயா?"

இலட்சுமிப்பிள்ளை வாயில் துணி கட்டிக் குரவை போட்டுப் பார்த்தாள். கழுத்தைப் பிடித்த கோழியின் சத்தம் வந்தது. சஹ்லா சிரிப்பை அடக்க வேலிப்பக்கம் பார்த்தாள்.

இலட்சுமிப்பிள்ளை சிரிக்கவில்லை. "எங்கட அக்காட பேத்தி மிஸ்," என்றாள்.

"அதுக்குத்தான் சொல்றன்," என்றாள் சஹ்லா, மெதுவாக.

அன்றே இலட்சுமிப்பிள்ளை பாயைச் சுருட்டிக்கொண்டு வாவிக்கரையில் வலை வைக்கிற வாடிக் குடிசைக்குப் போய்விட்டாள். துடக்குக் கழிவன்று காலையில் புருசன் இராசதுரையைத் தோணியை இறக்கச் சொன்னாள்.

"காத்து எங்கால அடிக்குது?"

"கரையில இருந்து வாவிக்கு."

"அப்பச் சரி. தள்ளுங்க. இன்னும் தள்ளுங்க."

"இனியும் தள்ளினா அக்கரைப் புள்ளைக்குத்தான் குரவை போடோணும்," என்று இராசதுரை கம்பை ஊன்றி நின்றார்.

கரையில் ஊர் கூடி நின்றது. வீட்டு வாசலில் பிள்ளையோடு யசோதினி. இலட்சுமிப்பிள்ளை எழுந்து நின்று வாயைத் திறந்தாள். ஐந்து வருசம் மடங்கிக் கிடந்த நாக்கு சுழன்றது. குரவை தண்ணீர்மேல் ஓடிக் கரையேறியது. கிழவர் கந்தப்போடி கண்ணைத் துடைத்தார். குரவை உச்சிக்கு ஏறுகிற நேரம் பார்த்து, "ஹச்!"

ஒற்றைத் தும்மல்.

"மத்ததும் வரட்டும் கா!" என்று கத்தினார் கந்தப்போடி.

வரவில்லை. அவள் கை தானாகச் சேலைத் தலைப்புக்குப் போனது. சஹ்லாவின் முகம் நினைவுக்கு வர, கீழே இறங்கியது. நல்ல நாளைத் தானே கெடுத்துவிட்டோமே என்று தோணிக்குள் குந்திவிட்டாள்.

அப்போது வாசலிலிருந்து ஒரு குரவை கேட்டது. தட்டுத்தடுமாறி, சுருதி பிசகி, ஆனால் அறுந்த இடத்திலிருந்தே தொடங்கியது. ஒருநாளும் குரவை போட்டறியாத யசோதினிதான். இழுவையில் அப்படியே அக்காவின் குரல்.

"கேட்டீங்களா? அக்கா!" என்று இராசதுரையின் கையைப் பிடித்துக்கொண்டு விம்மினாள் இலட்சுமிப்பிள்ளை. அந்த விம்மலில் இரண்டாவது தும்மலும் வந்தது, இராசதுரையின் முகத்துக்கு நேரே.